மித்ராஸ், ஹோரஸ், கண்ணன், இயேசு: மாணவன் காட்டிய பட்டியலில் எது மெய்?

கேள்வி: நெல்லித்தோப்பு மறைக்கல்வி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகள் என்னிடம் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவன் எதையும் இரண்டு முறை கேட்டுத்தான் ஒப்புக்கொள்வான். அவன் போன வகுப்பு முடிந்ததும் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். எகிப்தின் ஹோரஸ், பாரசீகத்தின் மித்ராஸ், கிரேக்கத்தின் டயோனிசஸ், நம் ஊர்க் கண்ணன் ஆகிய எல்லாரும் டிசம்பர் 25 அன்று கன்னியிடம் பிறந்தவர்களாம். எல்லாருக்கும் பன்னிரண்டு சீடர்களாம். எல்லாரும் சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் எழுந்தார்களாம். "அப்படியானால் இயேசுவின் கதையும் இவர்களிடமிருந்து எடுத்ததுதானா, டீச்சர்?" என்று கேட்டான். அவன் முகத்தில் குறும்பு இல்லை. உண்மையாகவே கலங்கியிருந்தான்.

சாத்தானின் பொய் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. அப்படிச் சொன்னால் அவன் அடுத்த வாரம் வரமாட்டான். வந்தாலும் கேட்கமாட்டான். அது அதைவிட மோசம். தவிர, ஒற்றுமையே கிடையாது என்றும் என்னால் சொல்ல முடியாது. வில்லியனூர் மாதா திருவிழாவுக்குச் சிறுவயதிலிருந்து போகிறேன். கொடியேற்றம், தேர், குளம் எல்லாம் இருக்கின்றன. அதே ஊரில் திருக்காமீஸ்வரர் கோயிலிலும் தேர் ஓடுகிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று வளர்வது நம் கண்முன்னேயே நடக்கிறது.

தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களுக்கும் அவர்களைச் சுற்றியிருந்த பழைய சமயங்களுக்கும் இடையே மெய்யாகவே என்ன ஒற்றுமை இருந்தது? எதற்குச் சான்று உண்டு, எது பின்னால் கட்டியது? படித்தவர்கள் சொல்லுங்கள். அவனுக்கு நான் நேர்மையான பதில் தர வேண்டும்.


பதில்: முதலியார்பேட்டை அன்பியம்

சகோதரி, நம் பெற்றோர் இந்தப் பட்டியல்கள் எதையும் அறியாமலேயே விசுவாசத்தில் வாழ்ந்து இறந்தார்கள். பிள்ளையைப் பங்குத்தந்தையிடம் அழைத்துச் சென்று மனம்விட்டுப் பேச வையுங்கள். அவனுக்காக நாங்களும் செபமாலை சொல்கிறோம். வாதத்தில் வென்றால் மட்டும் ஒரு பிள்ளை கோயிலுக்குத் திரும்பிவிடாது. நீங்கள் அவன்மீது வைத்திருக்கும் அக்கறையை அவன் உணர்ந்தால் போதும் என்று நினைக்கிறேன்.


பதில்: உப்பளம் நாணய ஆர்வலர்

அம்மா, செபமும் வேண்டும், பதிலும் வேண்டும். நான் இளமையில் குருமடத்தில் இலத்தீன் படித்தவன். பிறகு வெளியே வந்து பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். ரோமானிய நாணயங்கள் பற்றிப் படிப்பதுதான் இப்போது என் பொழுது. உங்கள் மாணவனின் கேள்விக்கு 1,800 ஆண்டுக்கு மேல் வயது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

கண்ணனில் தொடங்குங்கள். அந்த ஒரு வரியைச் சரிபார்க்க நாம் எகிப்துக்குப் போக வேண்டியதில்லை. கண்ணன் தேவகிக்கு எட்டாவது பிள்ளை. பிறந்தது ஆவணித் தேய்பிறை அட்டமியில். இறந்தது வேடன் ஒருவன் எய்த அம்பு பாதத்தில் தைத்து. கன்னித் தாயும் இல்லை, டிசம்பரும் இல்லை, சிலுவையும் இல்லை. கோகுலாஷ்டமிக்குச் சீடை தரும் பக்கத்து வீட்டுப் பாட்டியே இதைச் சொல்லிவிடுவார். நமக்குத் தெரிந்த வரியே இப்படி இருந்தால் தெரியாத வரிகளின் நிலை என்ன என்று அவனே யோசிக்கட்டும்.

மித்ராஸ் பாறையிலிருந்து பிறந்தவர். கையில் கத்தியும் தீப்பந்தமும் ஏந்தி, வளர்ந்த இளைஞனாகவே பாறையைப் பிளந்துகொண்டு வெளிவருவதைப் பல சிற்பங்களில் காணலாம். அவர் காளையைக் கொல்கிறார்; அவர் இறந்ததாகவோ உயிர்த்ததாகவோ ஒரு கல்வெட்டும் இல்லை, ஒரு சிற்பமும் இல்லை. பன்னிரண்டு சீடர்கள் எங்கிருந்து வந்தார்கள்? சில சிற்பங்களில் அவரைச் சுற்றிப் பன்னிரண்டு இராசிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத்தான் யாரோ சீடர்களாக்கிவிட்டார்கள். இயேசுவின் பன்னிருவர் இசுரயேலின் பன்னிரண்டு குலங்களைக் குறிப்பவர்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: ரோமானியப் பேரரசில் மித்ராஸ் வழிபாட்டுக்கான சான்றுகள் முதல் நூற்றாண்டின் இறுதியில்தான் தலைகாட்டுகின்றன. பவுல் கொரிந்தியருக்கு எழுதியது 50களில்.

ஹோரஸின் தாய் இசிஸ் கன்னி அல்லள். கொலையுண்ட கணவன் ஓசிரிஸின் உடல் துண்டுகளைத் தேடிச் சேர்த்து, அவனிடமிருந்தே கருவுற்றாள். ஓசிரிஸும் இந்த உலகுக்குத் திரும்பவில்லை. இறந்தோரின் அரசனாக அங்கேயே இருந்துவிட்டான்.

இவ்வளவு சொன்னதும் அவன் நிம்மதியடைந்து எழுந்து போய்விடலாம். போகவிடாதீர்கள். மெய்யான ஒற்றுமைகள் இனிமேல்தான் வருகின்றன. அவற்றை முதலில் எழுதிவைத்தவர்களும் கிறிஸ்தவர்களே.

புனித ஜஸ்டின் இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமையில் வாழ்ந்த தத்துவ ஆசிரியர். பின்னர் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்டு இறந்தவர். பேரரசருக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தில், எங்கள் கிறிஸ்து கன்னியிடம் பிறந்தார், இறந்து உயிர்த்து விண்ணேறினார் என்று நாங்கள் சொல்வது, ஜூபிடரின் மக்கள் என்று நீங்கள் போற்றுவோரைப் பற்றி நீங்கள் நம்புவதற்கு முற்றிலும் புதியதல்லவே என்று வாதாடுகிறார். நோய் தீர்க்கும் அஸ்க்ளீப்பியஸையும் எர்குலீசையும் தானாயே என்ற பெண் பெற்ற பெர்சியஸையும் பெயர் சொல்லி நிறுத்துகிறார். நற்கருணையைப் பற்றி எழுதும்போது, மித்ராஸ் சடங்கிலும் அப்பமும் தண்ணீர்க் கிண்ணமும் வைக்கிறார்களே என்று அவரே குறிப்பிட்டு, அது தீய ஆவிகள் செய்த போலி என்கிறார். அந்த விளக்கத்தை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் யாரும் எதையும் ஒளிக்கவில்லை. காணொளி இரகசியம் என்று விற்பதை ஒரு மறைசாட்சி அரசனுக்கே எழுதி அனுப்பியிருக்கிறார். இதை முதன்முதலில் படித்த இரவு எனக்கு வந்த துணிச்சல் இன்னும் குறையவில்லை.

டிசம்பர் 25 சங்கதி சிக்கலானது. பேரரசர் அவுரேலியன் 274இல் வெல்லப்படாத சூரியனுக்கு ரோமையில் கோயில் கட்டினார். 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ரோமானிய நாள்காட்டித் தொகுப்பில், டிசம்பர் 25க்கு எதிரே "வெல்லப்படாதவரின்" பிறந்தநாள், முப்பது தேரோட்டங்கள் என்று இருக்கிறது. அதே தொகுப்பின் இன்னொரு பட்டியலில் அதே நாளில் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்றும் இருக்கிறது. ஒரே ஏட்டில் இரண்டும்! இதற்கு மாற்று விளக்கம் ஒன்று உண்டு. இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்று 200 வாக்கிலேயே தெர்த்துல்லியன் கணக்கிட்டிருந்தார். கருவான நாளும் அதுவே என்ற எண்ணம் பரவியது. அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25 வரும். நான் இந்தக் கணக்கின் பக்கம் சாய்கிறேன். ஆனாலும் ரோமை மக்களின் மனத்தில் இரண்டும் கலந்துதான் இருந்தன. ஐந்தாம் நூற்றாண்டில் பாப்பரசர் பெரிய சிங்கராயர் (லியோ) தம் கிறிஸ்துமஸ் மறையுரையில் வருந்திக் கடிந்துகொள்கிறார்: புனித இராயப்பர் (பேதுரு) கோயில் படியேறி வருவோர், உள்ளே நுழையுமுன் திரும்பி நின்று உதயசூரியனுக்குத் தலைவணங்குகிறார்களே என்று. அதே கோயிலுக்கு அடியில் தோண்டியெடுத்த பழைய கல்லறை ஒன்றில், ஒளிக்கதிர்கள் சூழத் தேரோட்டும் உருவம் பதிகல் ஓவியமாக இருக்கிறது. பெரும்பாலான அறிஞர்கள் அதைக் கிறிஸ்து என்றே கொள்கிறார்கள். நல்ல ஆயன் ஓவியமும் ஆட்டுக்கிடாயைத் தோளில் சுமக்கும் பழைய கிரேக்கச் சிலைகளின் சாயல் கொண்டதுதான்.

எல்லாவற்றிலும் கனமான ஒற்றுமை அந்தக் காணொளியில் இல்லவே இல்லை. அது ஒரு நாணயத்தில் இருக்கிறது. பேரரசர் திபேரியுசின் வெள்ளித் தெனாரியத்தில் அவர் தலையைச் சுற்றி, "தெய்வமான அகுஸ்துவின் மகன்" என்று பொறித்திருக்கும். இயேசு போதித்த காலத்தில் ஆட்சி செய்தவர் அந்தத் திபேரியுஸ்தான். வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் "இந்த உருவம் யாருடையது" என்று இயேசு வாங்கிப் பார்த்தது இந்த வகை நாணயம் என்பது நெடுநாள் வழக்கு. சின்ன ஆசியாவில் பிரியேனே என்ற ஊரில் கி.மு. 9ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அகுஸ்து பிறந்த நாளே உலகுக்கு நற்செய்தியின் தொடக்கம் என்கிறது அது. அப்படிப்பட்ட உலகில், அரசு ஆணையால் சிலுவையில் மாண்ட ஒரு தச்சரை இறைமகன் என்றும், அவர் வாழ்வை நற்செய்தி என்றும் சொன்னவர்கள், பழைய புராணத்தைப் படியெடுத்துக்கொண்டிருக்கவில்லை. பேரரசனின் பட்டத்தை எடுத்து வேறொருவர் தலையில் சூட்டினார்கள். உயிர் போகும் என்று தெரிந்தே சூட்டினார்கள்.

திபேரியுசின் அந்த நாணயங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நம் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது இத்தாலியின் அரெஸ்ஸோ மட்பாண்டங்களும் மத்தியதரைக் கடலிலிருந்து மது ஏற்றிவந்த சாடிகளும் வந்தன. கலிலேயாவில் இயேசு நடந்த காலத்தில் அரியாங்குப்பம் ஆற்றுக் கரையில் அந்தச் சாடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த உலகம் தூரத்து உலகம் அல்ல.

உயிர்ப்பைப் பற்றி ஒரே ஒரு வரி. அதன் வேரை மித்ராஸ் குகையில் தேட வேண்டாம். தானியேல் 12ஆம் அதிகாரத்தையும், தாயும் ஏழு மகன்களும் கொல்லப்படும் இரண்டாம் மக்கபேயர் 7ஆம் அதிகாரத்தையும் வகுப்பில் வாசியுங்கள். போதும்.


பதில்: கடலூர் முதுநகர் வாசகன்

ஐயா, நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். உங்கள் எழுத்தில் நேர்மை இருப்பதால் எழுதுகிறேன். காணொளியின் பிழைகளைச் சரியாகவே காட்டினீர்கள். ஆனால் மறுபக்கத்தில் இன்னும் வலுவானவை இருக்கின்றன. அவற்றையும் மாணவன் அறிய வேண்டும்.

சூரியன் வடக்கே திரும்பும் நாளையொட்டி இசிஸ் குழந்தை ஹோரஸைப் பெற்றாள் என்று கி.பி. 100 வாக்கில் புளூட்டார்க் எழுதுகிறார். அலெக்சாந்திரியாவில் சனவரி 5 இரவு கன்னித் தெய்வமான கோரேயின் கோயிலில் மக்கள் விடிய விடியக் கண்விழித்துப் பாடினார்கள். சேவல் கூவியதும் பந்தத்தோடு நிலவறைக்குள் இறங்கி, ஒரு மரச்சிலையை எடுத்துவந்து, கருவறையை ஏழு முறை சுற்றி, இந்த நேரத்தில் கன்னி ஏயோன் என்ற தெய்வத்தைப் பெற்றாள் என்றார்கள். இதைச் சொல்பவர் நான்காம் நூற்றாண்டு ஆயர் எப்பிபானியுஸ். மறுநாள் சனவரி 6, திருச்சபையின் திருநாள். இது தற்செயலா?

அடுத்து, 601இல் பாப்பரசர் கிரகோரி இங்கிலாந்துக்குப் போகும் துறவி மெல்லித்துசுக்கு எழுதிய கடிதம். கோயில்களை இடிக்காதே, சிலைகளை மட்டும் அழித்து, தீர்த்தம் தெளித்து, பீடம் வை, மக்கள் பழைய இடத்துக்கே வந்து பழகட்டும், மாடு அடித்து விருந்துண்ணும் வழக்கத்தையும் திருநாளாக மாற்றிவிடு என்கிறார். இது திட்டமிட்ட அரசியல். நம் மாவட்டத்திலும் சான்று உண்டு. விருத்தாசலத்து அம்மனுக்குப் பெரியநாயகி என்று பெயர். அதன் அருகே கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய கோயிலில் சேலை கட்டிய மாதாவுக்கும் பெரியநாயகி என்றே பெயர்.


பதில்: திருப்பாதிரிப்புலியூர் திருமுறை அன்பர்

நான் சைவன். தேவாரம் ஓதப் பயின்றவன். இந்த உரையாடல் மனத்துக்கு இதமாக இருப்பதால் ஒரு செய்தி சொல்கிறேன்.

அப்பர் பெருமான் சமணத்திலிருந்து சைவத்துக்கு மீண்டபோது பல்லவ அரசன் அவரை நீற்றறையில் அடைத்தான். ஏழு நாள் கழித்துத் திறந்தால் பதிகம் பாடியபடி இருந்தார். பிறகு கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள். கல் தெப்பமாக மிதந்து எங்கள் ஊர்க் கரையில் சேர்ந்தது. அந்த இடம் இன்றும் கரையேறவிட்ட குப்பம். ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். விவிலியத்தில் மூன்று இளைஞர்களைத் தீச்சூளையில் போட்டதாகவும் அவர்கள் உள்ளிருந்து பாடியதாகவும் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் வீட்டில் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இவர்கள் அவர்களைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அப்பர் பட்ட பாடு அப்பர் பட்டது. கடலில் எறிந்து மிதந்த கதை உங்கள் பக்கமும் உண்டா? அறிய ஆவல்.


பதில்: உப்பளம் நாணய ஆர்வலர்

உண்டு ஐயா, வியக்கத்தக்க விதத்தில் உண்டு. சிஸ்கியா நகரின் ஆயர் குவிரினுஸ், இன்றைய குரோவாசியாக்காரர். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய கலாபனையில் அவர் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டி ஆற்றில் எறிந்தார்கள். கல் முழுகவில்லை. மிதந்தபடியே கரையில் நின்றவர்களுக்கு அவர் தைரியம் சொன்னார் என்று 400 வாக்கில் கவிஞர் புருதென்சியுஸ் பாடுகிறார். முடிவுதான் வேறு. அப்பர் கரையேறுகிறார். குவிரினுஸ், மறைசாட்சியின் மரணம் தமக்குக் கிடைக்க வேண்டும் என்று மன்றாடி, மூழ்க வரம் கேட்கிறார்.

அந்த முடிவில்தான் இரண்டு சமயங்களும் தெரிகின்றன. சிவனடியாரைக் கடல் ஏந்திக்கொண்டு வந்து பாடலுக்குத் திருப்பித் தருகிறது. கிறிஸ்தவருக்கோ தம் ஆண்டவர் போன வழியே போய் முடிப்பது பேறு. கல்லும் நீரும் கொடுங்கோலரசனும் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். ஒரு கதையின் எலும்பைப் பார்த்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. இனி என் நண்பர்களுக்கு இதையே சொல்வேன். நன்றி ஐயா.

முதுநகர் நண்பரே, அலெக்சாந்திரியாவின் அந்த இரவு உங்கள் கையிலுள்ள மிக வலிய சான்று. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். எகிப்தில் அந்த இரவுக்கு முன்பே ஒரு புனிதம் ஒட்டியிருந்தது. சனவரி 6 அங்கே வேரூன்ற அது உதவியிருக்கலாம் என்றே கருதுகிறேன். ஆனால் 200 வாக்கிலேயே பசிலிதேஸ் என்ற போதகரைப் பின்பற்றியவர்கள் இயேசுவின் திருமுழுக்கை அந்த நாள்களில் கொண்டாடினார்கள் என்று அலெக்சாந்திரியா கிளமெந்து எழுதுகிறார். எப்பிபானியுஸ் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் பின்னவர். இன்னொரு வேறுபாடு: நாள் வேறு, நம்பிக்கை வேறு. மத்தேயுவும் லூக்காவும் கன்னிப் பிறப்பை எழுதியபோது அவர்கள் எந்த நாளையும் சொல்லவில்லை.

கிரகோரியின் கடிதத்தை அரசியல் என்கிறீர்கள். அரசியலும் இருக்கிறது. ஆனால் முழுக் கடிதத்தையும் வாசியுங்கள். பழகிய இடத்தைவிட்டுப் பிரிவது மக்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று அறிந்தவர் எழுதிய கடிதம் அது. சிலை உடைந்தவர்களின் வலி அதில் இல்லை என்று நீங்கள் சொன்னால் அதையும் மறுக்க மாட்டேன்.

கோணான்குப்பம் பற்றி எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. வீரமாமுனிவர் மறைவாக எதையும் செய்யவில்லை. விருத்தாசலம் பக்கத்து மக்கள் தாயை எப்படி அழைத்தார்களோ அப்படியே மரியாளை அழைக்கச் சொன்னார். பெயரும் சேலையும் தேரும் இந்த மண்ணின் சொத்து. அவற்றைக் கடன் என்று சொல்லவே எனக்குக் கூசுகிறது. அங்கே கும்பிட வருகிறவர்களும் இதே மண்ணின் மக்கள்தானே? எகிப்தின் துறவிமடச் சுவர்களில் பாலூட்டும் மரியாளை வரைந்தவர்களும், தலைமுறை தலைமுறையாகப் பாலூட்டும் இசிஸைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள். அவர்கள் கை அறிந்த தாய் உருவம் அது.

உங்களுக்கு முன்னோர் ஒருவர் இருக்கிறார். செல்சுஸ் என்று பெயர். 180 வாக்கில் இதே ஒப்பீடுகளை வைத்துக் கிறிஸ்தவர்களைக் கடுமையாக மறுத்து எழுதினார். அவர் நூல் தனியாக நமக்குக் கிடைக்கவில்லை. 248 வாக்கில் ஒரிஜன் என்ற கிறிஸ்தவர் பதில் எழுதும்போது அவர் வாதங்களை வரிவரியாக எடுத்துவைத்ததால்தான் இன்று அவற்றைப் படிக்க முடிகிறது. எதிராளியின் சொல்லை எடுத்தெழுதிவிட்டுப் பதில் சொல்லும் அந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன்.


பதில்: நெல்லித்தோப்பு மறைக்கல்வி ஆசிரியை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. முதுநகர் அண்ணா எழுதியதையும் மறைக்காமல் வகுப்பில் சொல்லப்போகிறேன். பாதி சொன்னால் அவன் மீதியைத் தானே கண்டுபிடித்துவிட்டு வந்து நிற்பான். அப்பர், குவிரினுஸ் இருவரையும் ஒரே நாளில் கதையாகச் சொல்ல ஆசை. பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கடலூரில் உறவினர் உண்டு. பாரதி பூங்கா அருகே உள்ள அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய் அரிக்கமேட்டுப் பொருள்களையும் காட்டலாம் என்று நினைக்கிறேன்.

உப்பளம் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். புனித ஜஸ்டின் எழுதியதை அவனே வாசிக்க வேண்டும். பெரிய நூல் என்றால் பயந்துவிடுவான். எந்தப் பகுதியைக் கொடுக்கட்டும்?


பதில்: உப்பளம் நாணய ஆர்வலர்

முதல் விண்ணப்பத்தின் 21ஆம் அத்தியாயம். அரைமணி நேரத்தில் இரண்டு முறை வாசித்துவிடலாம். பிறகு 65 முதல் 67 வரை: மித்ராஸ் பற்றிய குறிப்பு 66இல் வருகிறது, 67இல் அக்காலத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எப்படி நடந்தது என்று இருக்கிறது. வாசகம், மறையுரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும் தண்ணீரும், ஏழைகளுக்கும் கைம்பெண்களுக்கும் அனாதைகளுக்கும் காணிக்கை என எல்லாம் அதில் உண்டு. அவன் போகும் பூசையை அதில் அவனே அடையாளம் கண்டுகொள்வான். 54ஆம் அத்தியாயத்தைக் கடைசியில் கொடுங்கள். பழைய கதைகளைத் தீய ஆவிகள் முன்கூட்டியே புனைந்து வைத்தன என்று ஜஸ்டின் அங்கே வாதிடுகிறார். அந்த வாதம் அவனுக்குப் பிடிக்காது. ஏன் பிடிக்கவில்லை என்று எழுதிவரச் சொல்லுங்கள். அருங்காட்சியகம் செல்லும் நாளைச் சொன்னால் நானும் வந்து அந்தச் சாடிகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுகிறேன்.